லான்சருக்குள் எவோ எஞ்சின்: இறக்குவதற்கு முன்பும் பின்பும்

திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் தயாரித்த மிட்சுபிஷி லான்சரின் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது 1,468 சி.சி. 4ஜி15 பெட்ரோல் எஞ்சின். சொன்னபடி கேட்கும், செலவு வைக்காது. ஆனால் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசியில் நான்கு பேரோடு ஏறினால் இரண்டாவது கியரை விட மனசு வராது. ஜப்பானில் இதே தலைமுறை சி.கே. பாடியை (சி.கே. என்பது அந்தத் தலைமுறையின் குறியீடு) அடிப்படையாக வைத்துத்தான் லான்சரின் வேக வடிவமான லான்சர் எவல்யூஷன், சுருக்கமாக எவோ, 4, 5, 6 வந்தன. அவற்றில் இருந்தது 4ஜி63டி: 1,997 சி.சி., 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக், இரும்பு பிளாக், டர்போ, 280 குதிரைத்திறன். ஒரே வீட்டு அண்ணன் தம்பி என்பதால் கழற்றி மாட்டினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றுவது இரண்டு நாள் வேலைதான். ஆக்சில், வயரிங், சூடு, எரிபொருள் என்ற நான்கும்தான் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியும் கைவிரித்துவிடும். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் டிராக் வண்டிக்கும் தனியார் நிலத்தில் ஓடும் வண்டிக்கும் மட்டும். சேலத்திலிருந்து கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும், சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் வண்டியை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ரோட்டில் ஓட்டத்தான் வேண்டும் என்பவர்கள் 4ஜி15-ஐயே நன்றாக ஓவர்ஹால் செய்து கொள்ளட்டும். அதே ரக எஞ்சினை மாற்றினாலும் புது எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியாக வேண்டும்.

எஞ்சின் வாங்கும்போது

எவோ 4-ல் மிட்சுபிஷி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி உட்கார வைத்தது. அதனால் எவோ 1, 2, 3 எஞ்சினின் பிராக்கெட், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் எதுவும் 4-க்குப் பிந்தையதோடு சேராது. விலை குறைவு என்று பழையதை வாங்கிவிட்டு சி.கே. பாடிக்குள் திணிக்கப் பார்ப்பது வீண் வேலை. 4, 5, 6 என்ற மூன்றில் ஒன்றை, டர்போ, மேனிஃபோல்டு, இன்ஜெக்டர், ரெசிஸ்டர் பாக்ஸ், வெட்டாத வயரிங், ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாவற்றோடும் முழு செட்டாக வாங்குங்கள். இறக்குமதிக்கான கஸ்டம்ஸ் தாள் கையில் வராத எஞ்சினைத் தொட வேண்டாம்.

வாங்கும் இடத்திலேயே மூன்று சோதனை. முதலாவது கம்ப்ரஷன்: நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பார்க்க வேண்டும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். ஒரு பாருக்கு மேல் போனால் வேண்டாம். இரண்டாவது கிராங்கின் முன்பின் ஆட்டம். டயல் கேஜை கிராங்க் புல்லியில் வைத்து, ஃப்ளைவீல் பக்கம் லிவரால் நெம்பிப் பாருங்கள். 0.05 முதல் 0.18 மி.மீ. நல்லது, 0.25-ஐத் தாண்டினால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது, அந்த பிளாக்கை நம்ப முடியாது. மூன்றாவது டர்போ ஷாஃப்ட். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பரவாயில்லை, ஆயில் இல்லாதபோது அப்படித்தான் ஆடும். உள்ளே வெளியே இழுத்து ஆட்டம் கையில் தெரிந்தாலோ, கம்ப்ரஸர் இறக்கை ஹவுசிங்கை உரசிய தடம் இருந்தாலோ டர்போ செலவு தனி என்று விலையைப் பேசுங்கள்.

கியர்பாக்ஸில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லான்சரின் பழைய கியர்பாக்ஸ் 4ஜி15-க்கானது. போல்ட் அமைப்பே வேறு. சேர்ந்தாலும் டர்போவின் முறுக்கில் பல் கொட்டிவிடும். எவோவின் சொந்த கியர்பாக்ஸ் நான்கு சக்கரத்துக்கும் சக்தி அனுப்புவது. அதை வைத்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், நடுத் தண்டு, பின் டிஃபரன்ஷியல், தரைத் தகட்டை வெட்டி டன்னல், பின்பக்க சப்ஃப்ரேம் என்று பாதி வண்டியைப் புதிதாகக் கட்ட வேண்டி வரும். அந்த அளவுக்கு இறங்குவதானால் முழு எவோவையே தேடுவது மலிவு. நடைமுறைக்கு ஏற்றது அதே எஞ்சின் குடும்பத்துக்கு, அதாவது 4ஜி63, 4ஜி64-க்கு வந்த முன்சக்கர கியர்பாக்ஸ். அதிலும் எவோ 4-க்குப் பிந்தைய திசையில் உட்காரும் வகையாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் பெல் ஹவுசிங்கை பிளாக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டையும் நேராகப் பொருத்தும் இரண்டு டவல் பின்னும் (வழிகாட்டி ஊசி) கையழுத்தத்தில் உட்கார வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டார் பல் ரிங் கியரில் ஒழுங்காகக் கடிக்க வேண்டும். கிளட்சைக் கவனியுங்கள். எவோ 4-லிருந்து கிளட்ச் இழுக்கும் வகை. முன்சக்கர கியர்பாக்ஸ் தள்ளும் வகையாக இருந்தால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபோர்க் மூன்றும் கியர்பாக்ஸுக்குப் பொருந்தியாக வேண்டும். எஞ்சினோடு வந்த கிளட்சை விற்றுவிடலாம்.

முன்சக்கர வண்டியில் 280 குதிரைத்திறனையும் அவிழ்த்து விடுவதில் அர்த்தமில்லை. டயர் புகையும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், ஆக்சில் உடையும். 220-ல் நிறுத்துவதாக இப்போதே முடிவு செய்துவிட்டால் கீழே வரும் ஒவ்வொரு பாகத்தின் அளவும் எளிதாகிவிடும்.

பழையதைக் கழற்றுவதற்கு முன்

வண்டி ஓடும் நிலையிலேயே எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். சேலம் சுற்றி லாரிக்கான எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முன் சக்கரம் மட்டும் ஏறி ஒரு சீட்டு, முழு வண்டியும் ஏறி ஒரு சீட்டு. மேடை பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், இந்த வேலைக்கு அது போதும். வேலை முடிந்த பிறகு அதே மேடையில், அதே அளவு பெட்ரோலோடு மறுபடி நிறுத்துங்கள். முன் ஸ்பிரிங்கை எவ்வளவு கடினமாக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு சீட்டின் வித்தியாசம்தான் சொல்லும்.

அதன் பிறகு சமதரையில் நிறுத்தி, முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். எஞ்சின் இல்லாத வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஆக்சில் அளவெடுத்தால் அத்தனையும் தப்பாகும். பழைய எஞ்சின் இருந்தபோது எடுத்த உயரத்துக்கு சஸ்பென்ஷனை ஜாக்கியால் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தித்தான் எல்லா அளவும் எடுக்க வேண்டும்.

உட்கார வைத்துப் பார்ப்பது

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே, காலியாக, டர்போ மேனிஃபோல்டு மாட்டியபடி உள்ளே இறங்க வேண்டும். ஒரு டன் செயின் பிளாக்கும் கீழே ஒரு ட்ராலி ஜாக்கியும் போதும். முதல் தடவை இறக்குவது உட்கார வைக்க அல்ல, எது எங்கே இடிக்கிறது என்று பார்க்க. பொதுவாக டைமிங் கவர் பக்கம் சேஸிஸ் ரெயில், ரேடியேட்டர் பக்கம் டர்போ, கீழே கிராஸ் மெம்பரும் ஆயில் சம்பும் என்ற மூன்று இடத்தில்தான் தகராறு.

நிலையைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸின் ஆக்சில் வாய். வண்டி நிற்கும் உயரத்தில் அந்த வாயின் மையமும் சக்கர ஹப்பின் மையமும் மேலிருந்து பார்த்தாலும் முன்னிருந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வர வேண்டும். நிற்கும் நிலையில் ஐந்து டிகிரி கோணத்துக்குள் இருந்தால் ஜாயின்ட் நீடிக்கும். அதற்குப் பிறகுதான் மற்ற இடைவெளிகள். டைமிங் கவருக்கும் ரெயிலுக்கும் நடுவே 25 மி.மீ. விடுங்கள். குறைத்தால் பெல்ட் மாற்ற ஒவ்வொரு முறையும் எஞ்சினை இறக்க வேண்டி வரும். தரைக்கும் சம்புக்கும் 140 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டிராக் வண்டியானாலும் பட்டறையிலிருந்து டிரெய்லர் வரை நம்மூர் வேகத்தடையைத் தாண்டித்தானே போக வேண்டும்.

பானட்டுக்குக் களிமண். பிள்ளையார் பிடிக்கிற பதத்தில் நான்கு உருண்டை உருட்டி, கேம் கவர் மேல், த்ராட்டில் பாடி மேல், ஸ்ட்ரட் டவர் பக்கம் உள்ள குழாய் மேல், ஆல்டர்னேட்டர் மேல் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். களிமண் ஒட்டாமல் இருக்க பானட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள். பானட்டை மெதுவாக மூடி, பூட்டு விழும்வரை அழுத்தித் திறந்து, நசுங்கிய உருண்டையின் கனத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். 20 மி.மீ. இருந்தால் நல்லது. 10 மி.மீ.தான் இருக்கிறது, பரவாயில்லை என்று விட்டால், முதல் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் எஞ்சின் மவுண்டிங் ரப்பரில் எகிறி பானட்டில் அடிக்கும்.

எல்லா இடைவெளியும் சரி என்றானதும், எஞ்சின் ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே அட்டையில் மாதிரி வெட்டி மவுண்டிங் பிராக்கெட்டுகளுக்கு அளவெடுங்கள். 6 மி.மீ. எம்.எஸ். தகடு, பெட்டி வடிவில், குறுக்கே ஒரு தாங்கு தகடு. வண்டிக்குள் வைத்து புள்ளி வெல்டு மட்டும் போட்டு, கழற்றி மேஜையில் முழு வெல்டு அடிப்பதுதான் முறை. உள்ளேயே முழுதாக அடித்தால் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டு போல்ட் ஓட்டை நகர்ந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி முனையையும் ஈ.சி.யு. சாக்கெட்டையும் கழற்றி வையுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ எஞ்சின் பிளாக்கில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதில் குழி விழும். மவுண்டிங்குக்குக் கடினமான பாலியூரிதேன் நல்லதுதான், ஆனால் நான்கிலும் அதையே போட்டால் உள்ளே உட்காரவே முடியாது. முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் இரண்டில் மட்டும் போட்டு மற்றதில் ரப்பரே இருக்கட்டும்.

ஆக்சில் ஷாஃப்ட்

உள் ஜாயின்ட் கியர்பாக்ஸுக்கு உரியது, வெளி ஜாயின்ட் லான்சர் ஹப்புக்கு உரியது. நடுவிலுள்ள தண்டைத்தான் புதிதாகக் கடைய வேண்டும். இரண்டு பழைய தண்டை வெட்டி ஸ்லீவ் போட்டு வெல்டு அடிப்பது வேண்டவே வேண்டாம். வெல்டின் ஓரத்தில் உள்ள சூடுபட்ட வளையம்தான் முறியும், அதுவும் முழு த்ராட்டிலில் முறியும். இ.என்.24 எஃகு ரவுண்டு வாங்கிக் கொடுத்தால் ஸ்ப்ளைன் வெட்டித் தர சேலத்திலும் சங்ககிரியிலும் லாரி, ரிக் வேலை பார்த்துக் கை பழகிய லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஸ்ப்ளைன் வெட்டிய பிறகு இன்டக்ஷன் ஹார்டனிங் கட்டாயம். அதைத் தவிர்த்தால் மூன்றே ஓட்டத்தில் ஸ்ப்ளைன் முறுக்கிக்கொண்டு ஜாயின்ட்டைக் கழற்றவே முடியாது.

நீளத்தை அளக்க ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பை ஜாக்கியால் முழுக்கக் கீழே, நிற்கும் உயரம், முழுக்க மேலே என்று மூன்று நிலைக்கும் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் உள் ஜாயின்ட் இன்னும் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே வரும் என்று குறிக்க வேண்டும். நிற்கும் உயரத்தில் இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்குக் குறையாமல் மிச்சம் வேண்டும். நீளம் கூடினால் வண்டி பள்ளத்தில் இறங்கும்போது தண்டு கியர்பாக்ஸுக்குள் இடித்து டிஃபரன்ஷியல் பேரிங்கை உடைக்கும். குறைந்தால் ஜாயின்ட் கழன்று வந்துவிடும். இரண்டு பக்கத் தண்டின் நீளமும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால்தான் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்காது. அதற்கு நீளமான பக்கத்தில் பிளாக்கோடு பேரிங் பிராக்கெட் வைத்த இடைத் தண்டு தேவைப்படும். இது ஆடம்பரம் என்று நினைத்து விட்டவர்கள்தான் பிறகு வண்டி நேராகப் போகவில்லை என்று அலைன்மென்ட் கடைக்கு நடையாய் நடக்கிறார்கள்.

டைமிங் பெல்ட்: ஒரு ஸ்க்ரூடிரைவர் சமாச்சாரம்

எஞ்சின் வெளியே இருக்கும்போதே பெரிய பெல்ட், எஞ்சின் நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் சின்ன பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சின்ன பெல்ட் சத்தமில்லாமல் கொல்லும் சாதி. அது அறுந்தால் அதன் துணுக்கு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி, பெரியது பல் தாண்டி, பிஸ்டன் வால்வில் இடித்து ஹெட்டே போய்விடும்.

ஆயில் பம்ப் பல்சக்கரத்தோடு ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட் சேர்ந்து சுற்றுகிறது. குறி பொருந்தினாலும் ஷாஃப்ட் 180 டிகிரி தப்பாக இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். பிளாக்கின் பக்கத்தில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி 8 மி.மீ. தண்டுள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடுங்கள். 60 மி.மீ.க்கு மேல் இறங்கினால் சரி. 20, 25 மி.மீ.யிலேயே முட்டினால் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, குறியைப் பொருத்தி மறுபடி விட்டுப் பாருங்கள். இதைத் தவறவிட்டாலும் எஞ்சின் ஓடும். ஆனால் 3,000 சுற்றுக்கு மேல் ஒரு நடுக்கம் வரும். மவுண்டிங்கைக் குறை சொல்வார்கள், ஃப்ளைவீலைக் கழற்றுவார்கள். நாக் சென்சார் அந்த நடுக்கத்தை நாக் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) என்று எடுத்துக்கொண்டு டைமிங்கைக் குறைத்துக்கொண்டே இருக்கும், வண்டி ஏன் இழுக்கவில்லை என்று யாருக்கும் புரியாது.

பெல்ட் மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, 15 நிமிடம் விட்டுவிட்டு, ஆட்டோ டென்ஷனர் தண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளக்க வேண்டும். 3.8 முதல் 4.5 மி.மீ. ஹெட்டைக் கழற்றியிருந்தால் ஹெட் போல்ட்டின் நீளத்தையும் பாருங்கள், 99.4 மி.மீ.ஐத் தாண்டியது இழுபட்டுப் போனது. இறுக்கும் வரிசை: 78 நியூட்டன் மீட்டர், பிறகு முழுக்கத் தளர்த்தி 20, அங்கிருந்து 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி.

ஆயில், புகை, சூடு

டர்போவிலிருந்து சம்புக்குத் திரும்பும் ஆயில் குழாய்க்கு 16 மி.மீ. உள்விட்டம் வேண்டும். எங்கும் மேலே ஏறாமல், மடங்காமல், சரிவாகவே இறங்கி, சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இடம் இல்லை என்று குழாயைச் சுற்றிக்கொண்டு போனால் ஆயில் டர்போவுக்குள் தேங்கி, சீல் வழியே கசிந்து நீலப் புகை வரும். நல்ல டர்போவைப் போய்விட்டது என்று தூக்கிப் போடுவது பெரும்பாலும் இந்தக் குழாயால்தான்.

சைலன்சருக்கு 304 ஸ்டெயின்லெஸ். இரும்பாலை இருக்கும் ஊரில் தகட்டுக்கு அலைய வேண்டியதில்லை. 1.5 மி.மீ. கனம், இரண்டரை அங்குலக் குழாய், ஆர்கான் வெல்டிங். வெல்டு அடிக்கும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் ஓடட்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்து நாளடைவில் அங்கேதான் விரிசல் விழும். ஸ்டெயின்லெஸ் சூட்டில் நன்றாக விரியும் உலோகம். ஒன்றரை மீட்டர் குழாய் 500 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 13 மி.மீ. நீளும். டர்போவை ஒட்டி நீண்டு சுருங்கும் ஒரு பெல்லோஸ் வைக்காமல் இறுக்கிக் கட்டினால் அந்த 13 மி.மீ.யும் டர்போவின் ஃப்ளாஞ்சைத்தான் தள்ளும்.

சித்திரை வெயிலில் 40 டிகிரியை எட்டும் ஊர் இது. ரேடியேட்டர் தனியாக நிற்காமல் சுற்றிலும் அட்டை அடைத்து, காற்று அதன் வழியாக மட்டுமே போகும்படி செய்யுங்கள். பெரிய ரேடியேட்டர் வாங்கும் பணத்தைவிட இந்த அடைப்பு அதிகம் உதவும். ஃபேனுக்கு முழு ஷ்ரவுட் வேண்டும். கூலண்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கை உயர்த்தி வைத்து, ஹீட்டரைத் திறந்து, காற்றுக் குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பெட்ரோல்

இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்ததால் அதே சக்திக்கு ஏறக்குறைய 8 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். எவோ 5, 6-ன் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 560 சி.சி., எவோ 4-ல் 510. நான்கு 560 இன்ஜெக்டரை 80 சதவீதம் வரை ஓட்டினால் சுத்தமான பெட்ரோலில் சுமார் 290 குதிரைத்திறனுக்குப் போதும். ஈ20-ல் அது 270 ஆகிவிடும். 220-ல் நிறுத்தினால் 65 சதவீதத்தில் நிம்மதியாக ஓடும். முன்பே 220 என்று முடிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய லான்சரின் ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. டேங்கிலிருந்து இன்ஜெக்டர் ரெயில் வரை அத்தனையும் எத்தனால் தாங்கும் உயர் அழுத்தக் குழாயாக மாற்றுங்கள். பம்ப் மணிக்கு 255 லிட்டர் வகை. அதற்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ், 4 சதுர மி.மீ. வயர். எஞ்சின் ஓடும்போது பம்ப்பின் முனையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும் நேரத்தில் பெட்ரோல் அழுத்தம் விழும், கலவை வறண்டு பிஸ்டன் உருகும். டிராக்கில் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும் என்பதால் ஒன்றரை லிட்டர் சர்ஜ் டேங்க் ஒன்றும் அவசியம்.

வயரிங்

மூல ஈ.சி.யு.வையே வைத்தால் காற்றளவு சென்சார், அதன் டப்பா, அதற்கான இடம் எல்லாம் தேவை. தனி ஈ.சி.யு.வும் மேப் (மேனிஃபோல்டு அழுத்தம்) சென்சாரும் இடத்தை மிச்சப்படுத்தும். ஒன்றை மறக்க வேண்டாம்: எவோவின் இன்ஜெக்டர்கள் குறைந்த ஓம் வகை, ரெசிஸ்டர் பாக்ஸ் வழியாகத்தான் இயங்கும். அதை விட்டுவிட்டு நேராக இணைத்தால் புது ஈ.சி.யு.வின் டிரைவர் எரிந்துபோகும்.

கிராங்க் சென்சார் வயர் ஷீல்டு போட்டதாக இருக்க வேண்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். அது இக்னிஷன் காயில் வயரோடு சேர்ந்து ஓடக் கூடாது. எர்த்துக்கு எஞ்சினிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரிக்கும் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தடித்த கேபிள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பத்தாது. காரணம் பிடிபடாத மிஸ்ஃபயர் பாதி இங்கேயிருந்துதான் வரும். டாஷ்போர்டு டெம்பரேச்சர் முள்ளுக்கு பழைய 4ஜி15-ன் சென்சாரையே புது எஞ்சினில் ஒரு அடாப்டர் கடைந்து மாட்டுவது எளிது.

முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் சாக்கெட்டையும் காயில் சாக்கெட்டையும் கழற்றி, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றி ஆயில் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. பெட்ரோல் அழுத்தம் ஏற்றி ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும். பிறகு ஈ.சி.யு.வில் இக்னிஷனை ஒரே டிகிரியில் பூட்டி வைத்து ஸ்டார்ட் செய்து, டைமிங் லைட்டில் கிராங்க் புல்லி அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். திரையில் 10, புல்லியில் 16 என்றால் சென்சார் ஆஃப்செட் தப்பு. அதைத் திருத்தாமல் ட்யூன் செய்தால் ஒவ்வொரு எண்ணும் 6 டிகிரி பொய் சொல்லும்.

ஹெட்டிலிருந்து டிக் டிக் சத்தம் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். நெடுநாள் சும்மா கிடந்த எஞ்சினின் ஹைட்ராலிக் லிஃப்டரில் காற்று இருக்கும், சூடேறியதும் அடங்கும்.

ட்யூனிங்: மலையும் சமவெளியும்

டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் சொந்த அழுத்தத்தில், 0.6 அல்லது 0.7 பாரில் தொடங்குங்கள். முழு பூஸ்ட்டில் கலவையை லாம்ப்டா (சமநிலைக் கலவை என்றால் 1) 0.78 முதல் 0.80-க்குள் வைக்க வேண்டும். கேஜ் லாம்ப்டாவில் காட்டட்டும். ஏர் ஃப்யூயல் விகித எண் எந்த எரிபொருள் என்பதைப் பொறுத்து மாறும், ஈ20-ல் குழப்பும். எவோ எஞ்சின் ஜப்பானின் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு அமைத்தது. நம் பெட்ரோலுக்கு ஜப்பானிய ட்யூனிங் அட்டவணையை அப்படியே ஏற்றுவது தற்கொலை. இன்டர்கூலருக்குப் பின் காற்று 50 டிகிரியைத் தாண்டினால் இக்னிஷன் தானாகப் பின்வாங்கும்படி அட்டவணை போட்டு வையுங்கள். சேலத்தில் மே மாத மதியம் அது கட்டாயம் வேலைக்கு வரும். பிளக் இடைவெளி 0.7 மி.மீ.; அதிகம் வைத்தால் பூஸ்ட்டில் பொறி அணையும்.

சேர்வராயன் மலையில் தனியார் எஸ்டேட் பாதையில் ஓட்டப்போகும் வண்டிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய 0.98 பார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அங்கே 0.85. பூஸ்ட் கேஜ் இரண்டு இடத்திலும் 0.8 என்றே காட்டலாம். உள்ளே போகும் மொத்த அழுத்தம் கீழே 1.78, மேலே 1.65. மலையில் இழுவை கொஞ்சம் குறைவது இயல்பு. அதைச் சரிக்கட்ட ஈ.சி.யு.வில் மொத்த அழுத்தத்தை இலக்காக வைத்தால் மேலே கேஜில் 0.93 வரும். டர்போவின் அழுத்த விகிதம் கீழே 1.8, மேலே 2.1, அதே 1.78 பாருக்கு டர்போ அதிக வேகத்தில் சுற்றும், காற்றும் அதிகம் சூடாகும். எனவே மலையில் ஓடும் வண்டிக்கு இலக்கை கேஜ் அழுத்தத்திலேயே விடுவதுதான் உத்தமம். தனி ஈ.சி.யு.வில் வெளிக்காற்று அழுத்தத்துக்கு இரண்டாவது சென்சார் ஒன்றையும் மாட்டிவிடுங்கள். சாவி போட்ட நேரத்தில் மட்டும் அழுத்தம் படிக்கும் ஈ.சி.யு. அடிவாரத்தில் படித்ததையே மேலே வரை பிடித்துக்கொண்டு கலவையைக் கெடுக்கும்.

பிரேக்

ட்யூனிங்குக்கு முன்பே முடித்திருக்க வேண்டியது, ஆனால் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவது. லான்சர் ஹப் நான்கு போல்ட், 100 மி.மீ.; எவோவில் ஐந்து போல்ட், 114.3. எவோ 4-ன் நக்கிள், ஹப், காலிபர் என்று முழு செட்டும் கிடைத்தால் ஆக்சில் வெளி ஜாயின்ட்டும் அதற்கேற்ப மாறும். அதனால் பிரேக்கை ஆக்சிலுக்கு முன்பே தீர்மானியுங்கள், கடைந்த தண்டைக் கிடப்பில் போட வேண்டி வராது. புது டாட் 4 ஃப்ளூயிட், நல்ல பேடு, முன்பின் சமநிலை பார்த்து மாஸ்டர் சிலிண்டர்.

முதல் டிராக் ஓட்டம் ஐந்து சுற்றுக்கு மேல் வேண்டாம். வண்டி ஆறியதும் ஜாக்கி போட்டு அடியில் பாருங்கள்: ஆக்சில் பூட்டில் கிரீஸ் தெறித்திருக்கிறதா, டவுன்பைப் எங்கே உரசியிருக்கிறது, ஆயில் ரிட்டர்ன் குழாயின் கிளிப் ஈரமாக இருக்கிறதா. மவுண்டிங், டர்போ ஃப்ளாஞ்ச், ஆக்சில் நட் என எல்லா போல்ட்டின் தலையிலிருந்தும் தகடு வரை இறுக்கும்போதே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால் டார்க் ரெஞ்ச் இல்லாமலே எது நகர்ந்தது என்று தெரியும். கோடு விலகிய போல்ட்டை அப்படியே இறுக்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள். கழற்றி, மரையையும் உட்காரும் பரப்பையும் பார்த்து, புது போல்ட் போட்டு, புதுக் கோடு இழுங்கள்.